குட்டைக்குள் ஒரு கூறைப்புடவை

உப்புக்காற்று அடிக்கிற ஊர்களில் என்னென்னவோ நடக்கும், அதற்காக ஊர்க்காரர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட மாட்டார்கள். அதனால்தான் வடிகால்மேட்டு வைரக்கண்ணுவின் இறால் குட்டையில் புடவைகள் தொங்க ஆரம்பித்த பிறகு வந்த முதல் அமாவாசைக்கு மறுநாள் காலையில், பக்கத்து வீட்டுப் பட்டம்மாளின் பழைய நைலக்ஸ் புடவை மேல், இறால்கள் கழற்றிப் போட்ட ஓடுகளுக்கு நடுவில், பட்டம்மாளின் வலது கை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, வைரக்கண்ணுவுக்கு முதலில் தோன்றியது, தண்ணீரைக் கலக்குகிற ஏரேட்டரை நிறுத்தினால் இதைக் கிழியாமல் எடுத்துவிடலாமே என்பதுதான்.

கை என்றால் ரத்தமும் சதையுமான கை இல்லை. கையின் ஓடு. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக, உள்ளே ஒன்றும் இல்லாமல், முழங்கை வரைக்கும் அப்படியே இருந்தது. வளையல் கிடந்து கிடந்து பதிந்த தடம் இருந்தது, உப்பளத்தில் பலகை இழுத்துக் காய்த்துப்போன காய்ப்பு இருந்தது, மடங்காமல் விறைத்துப்போன ஐந்து விரலும் இருந்தன. வைரக்கண்ணு அதை ஈரத்துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பட்டம்மாள் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, இது ஒங்களோடதான்னு நெனைக்கிறேன்" என்றார்.

பட்டம்மாள் வெளியே வந்து பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். பல வருஷமாக மடங்காத விரல்களை மெல்ல மடக்கினாள், அவை மடங்கின. "அட, இறாலோட சேந்து நானும் கழட்டிட்டேன் போலிருக்கே தம்பி!" என்றவள், அடுத்த நிமிஷமே, "இதை என்ன பண்றது? தென்னைக்குப் போட்டா நல்லதா?" என்று கேட்டாள்.

புடவைகள் குட்டைக்குள் போன கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வைரக்கண்ணுவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். இறால் வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். ஓடு வளராது, உள்ளே இருக்கிற உயிர்தான் வளரும். அமாவாசை, பௌர்ணமிக்குக் குட்டையில் பாதி இறாலுக்கு மேல் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஓடு இறுகுகிற வரைக்கும் பஞ்சு மாதிரி மெத்தென்று கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஓடு இறுகின இறால்கள் அவற்றைக் கடித்துத் தின்றுவிடும். பசிக்காகக்கூட இல்லை, மெத்தென்று ஒன்று அகப்பட்டால் கடிக்காமல் இருக்க முடிகிறதில்லை. போன இரண்டு வளர்ப்பிலும் வைரக்கண்ணு இப்படித்தான் நொந்துபோனார்.

பண்ணைகளுக்கு யோசனை சொல்ல வந்த மீன்வளம் படித்த பெண் கரையில் நின்று குட்டையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "உள்ள அதுங்களுக்கு வீடுவாசல் ஒண்ணுமே இல்லையே சார்! வெட்டவெளியில ஓட்டைக் கழட்டிட்டு அது எங்க போயி நிக்கும்?" என்று கேட்டாள். கடையில் விற்கிற வலைத்திரை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சாயம் போன நைலக்ஸ் புடவையே போதும் என்றாள். கம்பு நட்டு, கயிறு கட்டி, துணியை நிற்க வைத்த மாதிரித் தொங்கவிட வேண்டும், அடியில் கல் கட்ட வேண்டும், சேற்றைத் தொடக்கூடாது, துணிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு கை அகலம் விட வேண்டும், தண்ணீர் போய்வர வழி வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் துணி மேல் வழவழவென்று பாசி பிடிக்கும், இறால் அதை மேய்ந்துகொண்டே துணியில் ஒட்டிக்கொள்ளும், ஓடு கழற்றினது மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும் என்று அவள் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. வைரக்கண்ணுவின் பெண்சாதி அஞ்சுகம் தெருத்தெருவாகப் போய்ப் பழைய புடவை கேட்டு வாங்கினாள். புடவைக்குச் சொந்தக்காரியும் சேர்ந்து ஓடு கழற்றுவாள் என்பதை மட்டும் அந்தப் பெண் சொல்லவில்லை. அது அவள் படிப்பில் வராது, பாவம்.

பட்டம்மாள் கை மடங்கின சேதி தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டது, பிறகென்ன. அடுத்த பௌர்ணமிக்குள் குட்டைக்கரையில் ரேஷன் கடை மாதிரிக் கூட்டம். ஆளாளுக்கு ஒரு துணியோடு வந்து நின்றார்கள். முட்டி வலிக்காரி கொண்டுவந்த புடவையில் இரண்டு முட்டிச் சிப்பிகளின் ஓடு கிடந்தது. மாமியாரோடு வருஷக்கணக்காகப் பேசாத ஒருத்தியின் தாவணியில் இறுக்கி மூடின வாய் ஒன்று ஒட்டியிருந்தது. அன்றைக்கு மத்தியானமே அவள் பேச ஆரம்பித்து, இன்னும் நிறுத்தவில்லை, மாமியார்தான் இப்போது புடவை தேடிக்கொண்டிருக்கிறாள். கவுன்சிலர் தன் வெள்ளை வேட்டியைக் கொடுத்தனுப்பினார். அதில் அவருடைய சிரிப்பு ஓடாகக் கழன்று கிடந்தது. ஒரு வாரம் அந்த மனிதர் சிரிக்க முடியாமல் அலைந்தார், எதிரில் பார்த்தவர்கள் ஊரில் ஏதோ துக்கம் போல என்று நினைத்துக்கொண்டு விசாரித்தார்கள்.

இறாலும் நன்றாகத்தான் வளர்ந்தது. வைரக்கண்ணு வீச்சுவலை போட்டுப் பார்க்கும்போதெல்லாம் கைநிறைய, கண்ணாடிக் கண்ணோடு, மீசையை ஆட்டிக்கொண்டு துள்ளின.

ஆனால் சைக்கிள் கடைக் கலியமூர்த்தி விஷயத்தில் ஊர் ஒரு பாடம் படித்தது. அண்ணன்காரனோடு வரப்புத் தகராறில் விறைத்துக்கொண்டு திரிந்த கலியமூர்த்தி, ஒரு அமாவாசையில் அந்த விறைப்பான தோள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, நெஞ்சு லேசாகி, அண்ணனோடு ராசியாகப் போகலாமென்று அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனான். அண்ணன் இன்னும் கழற்றாத ஆள். வாசலில் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டான். சாதாரண நாளில் கலியமூர்த்தி அதைத் தூசியாகத் தட்டிவிட்டிருப்பான். மறுநாள் பார்த்தால் அவன் தோளெல்லாம் பல் பதிந்த காயம். யார் கடித்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. அவன் படுக்கையிலிருந்து எழுந்திருக்க மாசக்கணக்கானது.

அன்றிலிருந்து அந்த ஊரில் ஒரு வழக்கம் வந்தது. யார் ஓடு கழற்றினாலும் அந்த வீட்டு நிலையில் ஒரு ஈரத்துண்டைக் கட்டிவிடுவார்கள். துண்டைப் பார்த்தால் தெருவில் போகிறவர்கள் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள், மிக்ஸி ஓடாது, டிவி சத்தம் வெளியே வராது, அக்கம்பக்கத்துக்காரர்கள் கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். கடிக்கிற சுபாவம் உள்ளவர்கள் சுற்றிப் போவார்கள். தன் சுபாவம் எதுவென்று அவரவருக்குத் தெரியாதா என்ன?

வைரக்கண்ணுவின் மகள் சுகன்யா டவுனிலிருந்து வந்தது அப்படிப்பட்ட ஒரு மாசத்தில்தான்.

அவளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம். மாப்பிள்ளை சதீஷுக்குப் பைப்பு, மோட்டார் விற்கிற கடை, நல்ல வரும்படி, கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் வைரக்கண்ணுவுக்கு அடித்தது யோகம் என்றார்கள். சுகன்யா போன ஆடியில் ஒருதரம் தனியாக வந்து நின்றாள். என்னம்மா என்று கேட்டால் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை போன் பண்ணி, "மாமா, நீங்களே கூட்டிட்டு வந்து விட்டுருங்க" என்றதும், வைரக்கண்ணு, "ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, தானே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

இந்தத் தடவை வந்தவள் வேறு மாதிரி இருந்தாள். நடக்கும்போது உடம்பு வளையவில்லை. கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்கேம்பா" என்றாள், அந்தச் சொல் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அஞ்சுகம் தலையில் எண்ணெய் வைத்துவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்காமல் வழிந்து கழுத்துக்கு வந்தது. கொசு அவள் மேல் உட்கார்ந்து கடித்துப் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

அமாவாசைக்கு முன்தினம் சுகன்யா பெட்டியைத் திறந்து கூறைப்புடவையை எடுத்துக்கொண்டு குட்டைக்கு வந்தாள். தாலி கட்டும்போது உடுத்தியிருந்த அரக்குக் கட்டம் போட்ட பட்டு. கூறைப்புடவையைக் கிழிக்கக்கூட மாட்டார்கள், மாற்றான் கையில் கொடுக்க மாட்டார்கள், நல்லநாளுக்கு எடுத்துத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வைப்பார்கள். அதைக் கொண்டுபோய் இறால் மேய விடுகிறதாவது! பின்னாலேயே ஓடிவந்த அஞ்சுகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, பட்டு தண்ணியில நிக்காதுடி, இத்துப் போயிரும்."

"போகட்டும்மா."

வைரக்கண்ணுவின் கவலை புடவையைப் பற்றி இல்லை. "இன்னும் மூணு நாள்ல மாப்பிள்ளையும் அவுக அம்மாவும் வாராகம்மா. போன் வந்துச்சு. இப்ப கழட்டினியன்னா அவுக வரும்போது நீ மெத்துன்னு இருப்ப. கலியமூர்த்தி கதை தெரியும்ல? பௌர்ணமிக்குக் கட்டிக்கலாமே" என்றார்.

சுகன்யா குட்டையைப் பார்த்தபடி சொன்னாள். "இந்த ஓட்டோட இன்னும் பதினஞ்சு நாள் முடியாதுப்பா. உள்ள நான் வளந்துட்டேன். எடம் பத்தலை. மூச்சு முட்டுது."

முப்பது வருஷமாக இறாலும் மீனுமாகக் கிடக்கிற மனிதருக்கு இதற்கு மேல் என்ன விளக்க வேண்டும்? வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். புடவையை வாங்கி, எல்லாத் துணிகளுக்கும் நடுவில், ஏரேட்டர் தண்ணீர் வேகமாக அடிக்காத இடமாகப் பார்த்து, தானே கட்டி, தானே கல் தொங்கவிட்டார். அஞ்சுகம் கரையில் நின்றபடி அழுதாள், தடுக்கவில்லை.

மறுநாள் ராத்திரி குட்டை முழுக்க ஓடு கழன்றது. விடிந்ததும் இறங்கிப் போன வைரக்கண்ணு கூறைப்புடவையை விலக்கிப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கையும் முட்டியும் தோளுமாகக் கழன்றது. சுகன்யாவுக்கு முழு ஆளும் கழன்றிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்த நிலையில், உச்சி முதல் கால்விரல் வரைக்கும், கண்ணிமை மயிர்கூட விடாமல் ஒரு ஓடு. அதன் இடது கை முகத்துக்குக் குறுக்கே தூக்கி மறைத்திருந்தது. அடி வரும்போது தூக்குகிற கை. ஒருநாள் இரண்டுநாள் தூக்கினால் ஓடு அந்த வடிவத்துக்கு வந்துவிடாது.

வைரக்கண்ணு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஓவென்று அழுதார். தூக்கினால் கனமே இல்லாத அந்த ஓட்டைக் கரைக்குக் கொண்டுவந்து அஞ்சுகத்திடம் காட்டினார். அவள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "போன ஆடியில வந்தப்பவே நான் கதவைத் தொறக்கக் கையைத் தூக்கினதுக்கு, இப்படித்தாங்க மறைச்சா. ஒங்ககிட்ட சொன்னேன். நீங்கதான் பஸ் ஏத்துனிய."

வீட்டில் சுகன்யா பாயில் சுருண்டு கிடந்தாள். நிலையில் ஈரத்துண்டு கட்டியாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் பட்டால்கூட அவளுக்குத் தோல் சிவந்தது, அம்மா கூப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. வைரக்கண்ணு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஓர் அறை, ஒரு கூடம், தாழ்ப்பாள் சரியில்லாத கதவு. மாப்பிள்ளை வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் போதும், பிள்ளை பிய்ந்துவிடும்.

அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ஊர் என்ன சொல்லுமோ என்று எதைப் பொத்திப் பொத்தி வைத்தாரோ, அதை டீக்கடையில் போய் நின்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். "எம் பொண்ணை அவன் அடிச்சிருக்கான்யா. எனக்குத் தெரியலை. தெரிஞ்சுக்காம நானே கொண்டுபோயி விட்டேன். இப்ப அவ ஓட்டைக் கழட்டிட்டுக் கெடக்குறா, நாளைக்கு அவங்க வாராங்க. எங்க வீட்டுல ஒளிய எடம் இல்லை."

டீ ஆற்றுகிறவர் ஆற்றுகிற கையை நிறுத்தினார். விரல் மடங்கின பிறகு அந்தக் கடையில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்த பட்டம்மாள், கழுவப் போட்டதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "எடம் இல்லைன்னா உண்டாக்கணும். குட்டையில எப்படிக் கட்டுனோம்? அதே மாதிரி கட்டு" என்றாள்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு பீரோவும் பெட்டியும் திறந்தன. சேலை, லுங்கி, போர்வை, தாவணி, கோயில் கமிட்டியின் பந்தல் துணி, செத்துப்போனவர்களின் ஞாபகமாக மடித்து வைத்திருந்த வேட்டி, கல்யாணத்துக்கு எடுத்து வைத்த புதுப்பட்டு என்று அத்தனையும் வெளியே வந்து, தென்னைக்குத் தென்னை, தூணுக்குத் தூண், விளக்குக் கம்பத்துக்கும் கிணற்றுக் கட்டைக்கும் நடுவில், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டித் தொங்கின. "தரையைத் தொடாம கட்டுங்க! ஒரு கை அகலம் விடுங்க! காத்துப் போக வழி விடுங்கய்யா, புள்ள உள்ள மூச்சுவிட வேணாமா?" என்று படுக்கையை விட்டெழுந்த கலியமூர்த்தி சத்தம் போட்டுக்கொண்டே ஓடினான். கவுன்சிலர் கட்சிக்கொடிகளை மூட்டையோடு கொண்டுவந்து இறக்கினார். பொழுது சாய்கிறபோது வடிகால்மேட்டில் தெரு எது, சந்து எது, வீடு எது என்று கடவுளுக்கே தெரியாது.

மறுநாள் காலையில் சதீஷின் கார் ஊர் எல்லையில் நின்றது. அவனும் அவன் அம்மா லோகாம்பாளும் இறங்கினார்கள். ஒரு புடவையை விலக்கினால் அடுத்த புடவை, அதை விலக்கினால் ஒரு போர்வை. சதீஷ் நடந்து நடந்து டீக்கடையில் வந்து வெளிப்பட்டான். "வாங்க மாப்ளே, டீ சாப்பிடுங்க" என்றார்கள். குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனான், மறுபடி டீக்கடைக்கே வந்தான். உள்ளே நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். கத்தினதெல்லாம் துணிகளில் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் பாயில் கிடந்தவளுக்குத் தென்னை ஓலை அசைகிற சத்தத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

லோகாம்பாள் வழிதவறி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டம்மாள் செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிராளி வீட்டு மனுஷி என்றாலும் வெயில் வெயில்தானே. குடித்துவிட்டு அந்த அம்மாள் சுற்றிலும் தொங்குகிற துணிகளை வெகுநேரம் பார்த்தாள். "சதீஷோட அப்பா இருந்த காலத்துல எனக்கு இப்படி ஒரு துணி யாரும் கட்டலை" என்றாள். அதற்குமேல் அவள் மகனோடு சேர்ந்து தேடவில்லை, போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

சதீஷும் விடுகிறவன் இல்லை. ராத்திரியைக் காரில் கழித்துவிட்டு விடிந்ததும் மறுபடி புகுந்தான். வைரக்கண்ணு வாசலில் காவல் நின்றார். துணிகள் ஒவ்வொன்றாக விலகுகிற சத்தம் கிட்டே வந்துகொண்டே இருந்தது. கடைசிப் போர்வைக்கு அந்தப் பக்கம் அவன் கால் தெரிந்தபோது, பின்னால் கதவு திறந்தது.

சுகன்யா வெளியே வந்தாள். நடை வளைந்து நிதானமாக வந்தது. நிலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்துப் பிழிந்து கொடியில் போட்டாள். அப்பாவைத் தாண்டிப் போய் அந்தப் போர்வைக்கு முன்னால் நின்றாள்.

சதீஷ் போர்வையை விலக்கக் கையைத் தூக்கினான். தூக்கின கை அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. வைரக்கண்ணு வேறெதையும் பார்க்கவில்லை, மகளின் இடது கையை மட்டும் பார்த்தார். அது எழும்பவில்லை. பக்கவாட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் வரலை" என்றாள் சுகன்யா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் அவளிடம் பேசவில்லை. அவள் தலைக்கு மேலாகப் பார்த்து, "மாமா, என்ன இது? போன தடவை மாதிரி நீங்களே சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றான்.

"போன தடவை நான் தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்றார் வைரக்கண்ணு. குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டார். "என் வாழ்க்கையில அதைவிடப் பெரிய தப்பு பண்ணலை. இப்ப அவ சொல்லிட்டா. நீங்க கெளம்புங்க."

சுற்றிலும் துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு ஆளாக வெளியே வந்து நின்றார்கள். சதீஷ் கையை இறக்கினான். திரும்பிப் போகும்போது மட்டும் அவனுக்கு வழி நேராகக் கிடைத்தது, ஒரு துணிகூடக் குறுக்கே வரவில்லை. கார் கிளம்புகிற நேரத்தில் லோகாம்பாள் கண்ணாடியை இறக்கி, பட்டம்மாளைக் கிட்டே கூப்பிட்டு, அடுத்த அமாவாசை என்றைக்கு என்று மெல்லக் கேட்டாளாம்.

"அம்மா, பசிக்குது" என்றாள் சுகன்யா.

ஓடு கழற்றுகிற நேரத்தில் இறால் தின்னாது. இறுகினதும் கொலைப்பசி வரும். தீவனம் வைத்த தட்டைக் குட்டையில் இறக்கிவிட்டு, கொஞ்சநேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டுக் காலியாக வந்தால் குட்டை பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். அஞ்சுகம் அவசர அவசரமாகச் சோறு வடித்தாள், கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணினாள். சுகன்யா சப்பணமிட்டு உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள், குழம்பு முழங்கைக்கு வழிய வழியச் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் என்றாள், இன்னும் என்றாள். வைரக்கண்ணு எதிரில் குந்தியிருந்து, சாப்பிட்டு முடித்ததும் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு பருக்கைகூட இல்லை.